அஞ்சலில் வந்த சட்டை

கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளிவிழா மலரில் துணி வாங்கிய கதைக்கு என்ன வேலை என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அதற்கு விடையாக நம் மண்ணின் வரலாற்று நிகழ்ச்சி ஒன்றை முதலில் நினைவூட்ட விரும்புகிறோம்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிட மக்கள்மீது 8 தடைகளை விதித்தனர். ஆடவர் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தலாகாது. கோட்டு, சட்டை, பனியன் அணியலாகாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேனியை மறைக்கலாகாது. குடை பிடிக்கலாகாது, செருப்பும் ஆகாது. தடைகளை மீறியோரின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, கால்நடைகள் கொள்ளையிடப்பட்டன. 1931 ஜூனில் அத்தடைகள் 11 ஆக விரிந்தன. அவற்றுள் ஒன்று, நம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கலாகாது என்பது. ஹட்டன் என்னும் ஆங்கில அதிகாரி, இந்தியச் சாதிமுறை பற்றிய தம் நூலில் இத்தடைகளைப் பதிவு செய்துள்ளார்.

உடைக்குத் தடையும் கல்விக்குத் தடையும் ஒரே பட்டியலில் இடம்பெற்றதைக் கவனியுங்கள். சட்டையைப் பிடுங்கிய கையே சிலேட்டையும் பிடுங்கியது. ஒருவன் தன் காசில் தனக்குப் பிடித்த சாதாரணச் சட்டையொன்றை வாங்கி அணிவது சிறிய செயலாகத் தோன்றலாம். அச்சிறு செயலுக்கே தடை விதித்தவர்கள், அதன் பொருளை நன்கு உணர்ந்தே விதித்தார்கள்.

இத்தகைய வரலாறு நமக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்த அமெரிக்க நாட்டில், கறுப்பின மக்களும் ஒரு சட்டைக்காக நீண்ட வழி நடந்திருக்கிறார்கள். அஞ்சலில் வந்த விலைப்பட்டியல் ஒன்று அவ்வழியில் அவர்களுக்குத் துணை நின்றது. அப்பட்டியலின் இலாபத்திலிருந்து பின்னாளில் ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடங்களுக்கு உதவி கிடைத்தது. அவ்வரலாற்றையே ஈண்டுக் கூற விழைகிறோம்.

அடிமையின் உடை

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமை முறை நிலவிய காலத்தில், அடிமை என்ன உடுக்க வேண்டும் என்பதைச் சட்டமே வகுத்தது. தென் கரோலினாவில் 1735இல் இயற்றப்பட்ட சட்டம், அடிமைகள் அணியத்தக்க மலிவான முரட்டுத் துணிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. அவற்றுள் ஒன்றுக்கு ‘நீக்ரோத் துணி’ என்றே பெயர். துணியைப் பார்த்த அளவில் ஆளின் நிலை தெரியவேண்டும் என்பதே அச்சட்டத்தின் நோக்கம்.

அடிமையாகப் பிறந்து, பின்னாளில் பெருங் கல்வியாளராக உயர்ந்த புக்கர் டி. வாஷிங்டன், 1901இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில், சிறுவயதில் தாம் அணிந்த ஆளிநார்ச் சட்டையைப் பற்றிக் கூறுகிறார். புதுச் சட்டையின் முரட்டு நார் முள்ளாய் உடலைக் குத்துமாம். அந்த வேதனையைத் தம்பி படக் கூடாதென்று, அவருடைய அண்ணன் ஜான் அச்சட்டையைப் பல நாள் தாம் அணிந்து, அதன் முரட்டுத்தன்மையைப் போக்கிய பின்னரே தம்பிக்குக் கொடுப்பாராம். ஒரு சட்டைக்காக அண்ணன் தன் மேனியைத் தந்தான். உடன்பிறப்பின் பாசத்திற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கடைக்காரரின் கணக்குப் புத்தகம்

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. ஆனால் நிலம் பழைய முதலாளிகளிடமே நின்றது. விடுதலை பெற்றோர் அதே நிலத்தில் வாரத்திற்குப் பருத்தி பயிரிட்டனர். விளைச்சலில் ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு. எஞ்சியது ஊர்க்கடைக் கடனுக்கு. விதை, மாவு, உப்பு, துணி யாவும் அக்கடையிலேயே, வரப்போகும் பருத்தியின்மேல் கடனாக வாங்கவேண்டும். வட்டி எவ்வளவு என்று கடைக்காரர் சொல்வதே கணக்கு. படிப்பறிவற்ற குடியானவர் அக்கணக்கை எவ்வாறு சரிபார்ப்பார்? பண்ணையாளாய் உழைத்த நம் முன்னோர் பட்ட பாட்டை அறிந்தோர்க்கு இது புதிய செய்தியன்று.

கடையில் இன்னோர் இழிவும் இருந்தது. வெள்ளையர் அனைவரும் வாங்கி முடிக்கும்வரை கறுப்பினத்தார் காத்திருக்கவேண்டும். தரமான பொருள் கேட்டால், “உனக்கு இது எதற்கு?” என்னும் பார்வையே விடையாக வரும். பெரிய நகரத்துக் கடைகள் பலவற்றில் தொப்பியையும் காலணியையும் சட்டையையும் அவர்கள் அணிந்து பார்க்கக்கூடாது. காலின் அளவைத் தாளில் வரைந்து கொண்டுபோய்க் காலணி வாங்கியோர் உண்டு. பருத்தியை விதைத்துப் பறித்துப் பொதி கட்டிய கைகளுக்கே, பருத்திச் சட்டையொன்றைத் தொட்டுப் பார்க்கும் உரிமை இல்லை!

நம் பாட்டனார் நாளில் துணிக்கடைப் படிக்குக் கீழே நின்றோர், தாமே எடுத்துப் பார்க்க இயலாமல், எறிந்த துணியைப் பிடித்துக் கொண்டு வந்தோர் நம்முள்ளும் இருந்தனர். அவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

தபாலில் வந்த கடை

இந்நிலையில்தான் அஞ்சல்வழி வணிகம் தோன்றியது. 1872இல் சிகாகோ நகரில் ஆரன் மான்ட்கோமரி வார்டு என்பவர், பொருள்களின் பெயரும் விலையும் அச்சிட்ட ஒற்றைத் தாளை உழவர்களுக்கு அனுப்பித் தொழில் தொடங்கினார். பொருள் பிடிக்காவிடில் பணத்தைத் திருப்பித் தருவதாக அவர் உறுதியளித்தார். 1886இல் மின்னசோட்டா மாநிலத்தில் ரயில் நிலைய அலுவலராய் இருந்த ரிச்சர்டு சியர்ஸ், கடிகார வணிகத்தில் இறங்கினார். பின்னர் ஆல்வா ரோபக் என்பவருடன் சேர்ந்து, 1893இல் சியர்ஸ் ரோபக் நிறுவனம் உருவாயிற்று. 1895இல் அதன் விலைப்பட்டியல் 500 பக்கங்களைத் தாண்டிய நூலாயிற்று. தையல் ஊசி முதல் குதிரை வண்டிவரை அதில் இடம்பெற்றன. 1897ஆம் ஆண்டுப் பட்டியலில், நம் நகரின் பெயரைத் தாங்கிய ‘மதராஸ்’ துணிச் சட்டைகளும் விற்பனைக்கு இருந்தன.

பொருளின் படம், துணியின் வகை, நிறம், விலை யாவும் அச்சில் இருக்கும். வாங்குவோர் அளவு நாடாவினால் மார்பு, இடுப்பு, கால் நீளம் ஆகியவற்றைத் தாமே அளந்து எழுதி அனுப்பவேண்டும். உள்நாட்டுப் போரின்போது படைவீரர்க்குச் சீருடை தைக்க எடுத்த அளவுகளே, ஆயத்த ஆடைக்கு நிலையான அளவுகள் வகுக்க வழி காட்டியிருந்தன. அதனால் முகம் அறியாத ஒருவருக்கு ஆயிரம் கல் தொலைவிலிருந்து சட்டை அனுப்புவது இயல்வதாயிற்று. நம் நாட்டில் வி.பி.பி. மூலம் பொருள் வரவழைத்தோர்க்கு இம்முறை எளிதில் விளங்கும்.

உழைப்பாளர்க்கான உடைகள் அப்பட்டியலில் நிறைய இருந்தன. முரட்டு வேலைச் சட்டை, மார்புத் துணியும் தோள்வாரும் இணைந்த நீல நிறக் கால்சட்டை, பெண்களுக்கான பருத்தி அங்கி, பிள்ளைகளுக்கான காலணி என அன்றாட உடைகள் பக்கம் பக்கமாக அணிவகுத்தன.

இம்முறை வெற்றி பெற அஞ்சல் துறையின் சீர்திருத்தங்கள் பெருந்துணை புரிந்தன. அதுவரை பல சிற்றூர்களில் தபால் நிலையம் என்பது ஊர்க்கடையின் ஒரு மூலையே, கடைக்காரரே போஸ்ட்மாஸ்டர். தம்மிடம் கடன்பட்டவன் வேறிடத்தில் பொருள் வாங்குவதை அவர் விரும்புவாரா? அஞ்சல்தலையோ மணியார்டரோ விற்க மறுத்தவர்களும் உண்டு. 1896இல் தொடங்கிய சிற்றூர் இலவச அஞ்சல் விநியோகத்தால், தபால்காரர் வீட்டு வாயிலுக்கே வந்தார். கடிதத்தையும் பணத்தையும் அவரிடமே கொடுத்துவிடலாம் என்று சியர்ஸ் நிறுவனம் தன் பட்டியலில் வழி கூறியது. எழுத்துப் பிழையைப் பற்றி அஞ்சவேண்டாம், தெரிந்த மொழியில் தெரிந்தவாறு எழுதினால் போதும் என்றும் அறிவித்தது. 1913 ஜனவரி முதல் பார்சல் அஞ்சலும் நடைமுறைக்கு வந்தது.

தாளுக்கு நிறம் தெரியாது

கறுப்பின மக்களுக்கு இதனால் விளைந்த நன்மையை எண்ணிப் பாருங்கள். கடிதத்தாளுக்கு நிறம் தெரியாது. பட்டியலில் அச்சிட்ட விலை வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் ஒன்றே. வரிசையில் பின்னே நிற்கவேண்டியதில்லை. தொப்பியைக் கழற்றிப் பணிந்து கேட்கவேண்டியதில்லை. உனக்கு இது எதற்கு என்று கேட்பார் இல்லை. இரவு விளக்கொளியில் குடும்பத்தார் கூடியிருந்து, பக்கம் புரட்டி, இது வேண்டும், அது வேண்டாம் என்று தாமே தேர்ந்தனர். தேர்ந்தெடுத்தல் என்பது தன்மானத்தின் முதற்பாடம். கார்னெல் பல்கலைக்கழக வரலாற்று ஆசிரியர் லூயிஸ் ஹைமன் 2018இல் இவ்வுண்மையை எடுத்துக்காட்டியபோது, அது பலருடைய கருத்தையும் கவர்ந்தது.

இதனைப் பொறாத ஊர்க்கடைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. விலைப்பட்டியல்களைக் கொண்டு வந்து கொடுப்போர்க்குப் பரிசு தந்து, அவற்றைத் தெருவில் குவித்துக் கொளுத்தினர். சியர்ஸும் ரோபக்கும் கறுப்பினத்தவர் என்று வதந்தியும் பரப்பினர். தாங்கள் வெள்ளையரே என்று காட்ட, அவர்கள் தம் நிழற்படங்களை வெளியிட நேர்ந்தது. பொருளில் குறைகாண முடியாதபோது விற்பவனின் பிறப்பில் குறைகாண முயலும் இவ்வழக்கம் நமக்குப் பழக்கமானதே அன்றோ!

ஆயினும் உண்மையின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அப்பட்டியல் புரட்சி நூல் அன்று, வணிகப் புத்தகமே. அக்காலத்தில் அதன் படங்களில் இருந்த முகங்கள் வெள்ளை முகங்களே. கறுப்பினத்தாரை ஏளனம் செய்யும் கூத்துகளுக்கான பொய்முடிகளும் அதே நிறுவனத்தால் விற்கப்பட்டன. மேலும், தொடக்கத்தில் ரொக்கம் தந்தால்தான் பொருள் கிடைக்கும். ஆண்டு முழுதும் காசைக் கண்ணால் காணாத குடியானவர்க்கு அதுவும் எட்டாக்கனியே. முட்டை விற்றும் துணி வெளுத்தும் நாலு காசு சேர்த்தவர்க்கே அவ்வழி திறந்தது. எனவே விலைப்பட்டியல் கறுப்பின மக்களை விடுவித்தது என்று கூறமாட்டோம். பூட்டிய வீட்டில் ஒரு சன்னலைத் திறந்தது என்றே கூறுவோம்.

சட்டையிலிருந்து பள்ளிக்கூடம்

சியர்ஸ் நிறுவனத்தைப் பேருருவாக்கியவர் ஜூலியஸ் ரோசன்வால்டு. ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோர்க்கு 1862இல் பிறந்தவர். அவர் தொழிலே ஆடைத் தொழில்தான். ஆடவர் ஆடைகளைத் தைத்து விற்றுவந்த அவர், 1895இல் சியர்ஸ் நிறுவனத்தில் பங்குதாரரானார். 1908இல் அதன் தலைவரானார். 1911இல் அவர் புக்கர் டி. வாஷிங்டனைச் சந்தித்தார். முள்ளாய்க் குத்திய சட்டையை அணிந்து வளர்ந்தவரும், நாடெங்கும் சட்டை விற்றுச் செல்வரானவரும் நண்பர்களாயினர்.

தென் மாநிலங்களில் அந்நாளில் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒழுங்கான பள்ளிக் கட்டடம் இல்லாத ஊர்களே மிகுதி. 1912இல் தம் 50ஆம் பிறந்தநாளையொட்டி, வாஷிங்டன் நடத்திவந்த டஸ்கீகி கல்வி நிலையத்திற்கு ரோசன்வால்டு 25,000 டாலர் அளித்தார். அதில் ஒரு பகுதியைக் கொண்டு அலபாமா மாநிலத்தில் 6 சிறு பள்ளிகள் கட்ட வாஷிங்டன் இசைவு பெற்றார். அவற்றுள் முதலாவது 1913இல் எழுந்தது. 1915இல் வாஷிங்டன் மறைந்த பின்னும் பணி நிற்கவில்லை. 1932இல் திட்டம் நிறைவுற்றபோது, 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் எழுந்திருந்தன. ஆசிரியர் இல்லங்களும் தொழிற்கூடங்களும் சேர்த்து 5,357 கட்டடங்கள். அவற்றில் 6 இலட்சத்து 60 ஆயிரத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகள் பயில இடம் இருந்தது.

இங்கே இளைஞர்கள் ஒரு கணக்கைக் கருத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ரோசன்வால்டு முழுப்பணத்தையும் தானமாகத் தரவில்லை. அரசும் ஊர்மக்களும் தம் பங்கைத் தந்தால்தான் அவர் பங்கு வரும் என்பது விதி. மொத்தச் செலவு ஏறத்தாழ 2 கோடியே 84 இலட்சம் டாலர். அதில் பெரும்பகுதி அரசின் வரிப்பணம். ரோசன்வால்டு நிதியின் பங்கு ஏறத்தாழ 43 இலட்சம். கறுப்பின மக்கள் தாமே திரட்டியது 47 இலட்சத்திற்கும் மேல்! கோடீசுவரர் கொடுத்ததைவிடக் குடிசைவாசிகள் கொடுத்தது மிகுதி. கையில் காசில்லாதோர் மரம் வெட்டிக் கொடுத்தனர், நிலம் கொடுத்தனர், உடலுழைப்பு தந்தனர். பள்ளிக்கென்று ஒரு துண்டு நிலத்தில் பருத்தி விளைவித்து, அதை விற்ற காசை அளித்த ஊர்களும் உண்டு. அடிமை முறையில் தம் குருதியை உறிஞ்சிய அதே பருத்தியிலிருந்து அவர்கள் கல்வியைப் பறித்தெடுத்தனர்.

பிடியரிசி எடுத்துவைத்துப் பள்ளி நடத்திய சமுதாயத்தின் பிள்ளைகள் நாம். இக்கணக்கின் பெருமையை நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பள்ளிகளில் பயின்றோருள் எழுத்தாளர் மாயா ஏஞ்சலூவும், குடியுரிமைப் போராட்டத் தலைவராகவும் பின்னர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய ஜான் லூயிஸும் அடங்குவர்.

உடை மாற்றும் அறையின் கதவு

அஞ்சல்வழியே சட்டை வந்தது உண்மை. ஆனால் அவ்வழியே சென்றவர் கடைவாயிலின் இழிவைத் தவிர்த்தாரேயன்றி அதனை ஒழிக்கவில்லை. நேருக்கு நேர் நின்று அதனை ஒழிக்கும் பணி அடுத்த தலைமுறைக்கு எஞ்சியது.

1963 வசந்தத்தில் அலபாமாவின் பர்மிங்காம் நகரில் அது நிகழ்ந்தது. ஈஸ்டர் பெருநாளுக்குப் புத்தாடை வாங்குவது அவர்கள் வழக்கம். நமக்குத் தீபாவளி, பொங்கல் போல. அவ்வாண்டு கறுப்பின மக்கள் நகரத்துக் கடைகளில் துணி வாங்க மறுத்தனர். தம் காசை வாங்கிக்கொண்டு தம்மை மதியாத கடைக்கு இனிக் காசில்லை என்றனர். ஏப்ரல் 12, பெரிய வெள்ளியன்று, மார்ட்டின் லூதர் கிங்கும் ரால்ஃப் அபர்நாதியும் வழக்கமான கோட்டும் சூட்டும் அணியாமல், உழைப்பாளரின் நீல நிற முரட்டு உடை அணிந்து ஊர்வலம் சென்று சிறைப்பட்டனர். பட்டியலிலிருந்து பாட்டன்மார் வாங்கிய அன்றாட வேலையுடை, பெயரர் நாளில் போராட்டத்தின் கொடியாயிற்று. மே மாதம் பள்ளிப் பிள்ளைகளே திரள் திரளாகத் தெருவுக்கு வந்தனர்; நாய்களையும் தண்ணீர்க் குழாய்களையும் எதிர்கொண்டனர்.

1963 மே 10 அன்று உடன்பாடு ஏற்பட்டது. அதன் முதற்பயன்களுள் ஒன்று, துணிக்கடைகளில் உடை அணிந்து பார்க்கும் அறை கறுப்பின மக்களுக்கும் திறக்கப்படும் என்பதாகும். உலகம் இதனைச் சிறிய செய்தியாகக் கருதியிருக்கலாம். காலின் அளவைத் தாளில் வரைந்து கொண்டுபோன தாய்மார்களுக்கு அது எவ்வளவு பெரிய வெற்றி!

நமக்குள்ள பாடம்

முதல் ரோசன்வால்டு பள்ளி எழுந்த அதே 1913இல்தான், நம் தலைவர் டாக்டர் அம்பேத்கர் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராய்ச் சேர்ந்தார். கறுப்பின மக்களின் நிலையை அவர் கருத்தூன்றிக் கற்றார். 1946இல் அறிஞர் டூ போய்ஸுக்குக் கடிதமும் எழுதினார். 1927 டிசம்பரில் மகத் மாநாட்டின்போது நம் பெண்களிடம் பேசுகையில், தாழ்ந்த சாதி என்று அடையாளம் காட்டும் உடையையும் பழைய அணிகலன்களையும் விட்டொழித்து, மற்றப் பெண்களைப் போலவே சேலை உடுத்துமாறு அறிவுரை கூறினார். அவருடைய கோட்டும் சூட்டும் பகட்டுக்காக அணிந்தவை அல்ல. இடுப்புக்கு மேல் துணி கூடாது என்றவர்களுக்கு அவர் அளித்த விடை அது. நம் குடியிருப்புகள்தோறும் நிற்கும் சிலை, அந்த விடையை இன்றும் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

சியர்ஸ் தன் பெரும் பட்டியலை 1993இல் நிறுத்திவிட்டது. 2018இல் அந்நிறுவனம் திவால் மனுவும் அளித்தது. வணிகம் வளரும், தேயும். ஆனால் அவ்வணிகத்தின் பணமும் ஏழைகளின் காசும் சேர்ந்து எழுப்பிய கல்வி தேயவில்லை. அது தலைமுறை தலைமுறையாக வளர்ந்து நிற்கிறது.

இன்று நம் இளைஞர்கள் விரல் நுனியில் துணி தேர்ந்து வீட்டுக்கே வரவழைக்கிறார்கள். பெயரைக் கேட்டுச் சாதியைத் தேடும் கண்கள் இன்னும் மறையாத நாட்டில், அதிலும் ஒரு விடுதலை உண்டு. நல்ல உடை உடுத்துங்கள். அதில் தவறேதும் இல்லை. நீங்கள் உடுத்தும் ஒவ்வொரு சட்டைக்கும் பின்னால், சட்டையின்றி அடிபட்ட ஒரு பாட்டனார் இருக்கிறார். புதுச்சட்டை வாங்கும் நாளில் அவரை நினைத்து, ஒரு சிறு தொகையைப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கென்று எடுத்து வையுங்கள். தம்பிக்காக முரட்டுச் சட்டையைத் தான் அணிந்து மென்மையாக்கிய அண்ணன் ஜான் நமக்குக் காட்டும் வழி அதுவே. நம் சங்கத்தின் அடுத்த 25 ஆண்டுகள் அவ்வழியில் நடைபெறட்டும்.